தோட்டத்து மாடல் ரயிலுக்குப் பாலம்: மரமா, அலுமினியமா, பிவிசியா?

புதுத்தடம்:

வணக்கம். தோட்டத்தில் 45 மி.மீ. பாதையில் ஜி ஸ்கேல் (தோட்டத்தில் ஓட்டும் பெரிய அளவு மாடல் ரயில்) லைன் போட்டுக்கொண்டிருக்கிறேன். தரையோடு போகும் பகுதி ஓரளவு முடிந்துவிட்டது. இனி இரண்டு இடத்தில் பாலம் வேண்டும், அங்கேதான் வேலை நிற்கிறது.

முதலாவது மீன் குளம். குறுக்கே 1.8 மீட்டர். அடியில் ரப்பர் ஷீட் விரித்திருப்பதால் நடுவில் தூண் வைக்க மனம் வரவில்லை, ஷீட்டில் ஓட்டை விழுந்தால் கதை முடிந்தது. இரண்டாவது ஒரு பள்ளம், நீளம் சுமார் 3 மீட்டர், நடுவில் ஆழம் 60 செ.மீ. இருக்கும். அங்கே பழைய காலத்து மரக்கால் ட்ரெசில் (வரிசையாக நிற்கும் கால்சட்டங்கள் தாங்கும் பாலம்) ஒன்று நிற்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

வீட்டுக்குள் ஓடும் லேஅவுட்டுக்குப் பாலங்கள் செய்த பழக்கம் உண்டு. பால்சா, ஸ்டைரீன், மெல்லிய ப்ளைவுட் எல்லாம் கை வந்த பொருள்கள். ஆனால் இது வருஷம் முழுக்க வெயிலிலும் மழையிலும் கிடக்கப்போகிறது, எடுத்து உள்ளே வைக்கிற எண்ணம் இல்லை. என்னிடம் இருப்பது ட்ரில், ஜிக்சா, சால்டரிங் அயர்ன், ஒரு 3டி பிரிண்டர். வெல்டிங் தெரியாது. எஞ்சின்களில் பெரியது 4 கிலோ வரும், பெட்டிகளோடு சேர்த்தால் பாலத்தின் மேல் ஒரே நேரத்தில் 8 கிலோவுக்கு மேல் போகாது.

தேக்கு, அலுமினியம், இரும்பு, பிவிசி ஷீட், பிரிண்ட் செய்த பாகங்கள், கான்கிரீட் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வெளியே நிஜமாகவே நிற்பது எது?

உத்திரம்:

"எந்தப் பொருள்" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் பதில் வராது நண்பரே. பாலத்துக்கு இரண்டு வேலை. ஒன்று எடையைத் தாங்குவது, மற்றொன்று பாலம் மாதிரி தெரிவது. இரண்டையும் ஒரே பொருளிடம் கேட்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. குளத்துப் பாலத்துக்கு என் யோசனை இதுதான்: உள்ளே அலுமினிய பாக்ஸ் பைப் இரண்டு, அதுதான் பாலம். வெளியே தெரியும் கர்டர், ரிவெட், கைப்பிடி எல்லாம் அதன் மேல் திருகி மாட்டிய அலங்காரம். அலங்காரம் வெளுத்தாலும் உடைந்தாலும் கழற்றி வேறு மாட்டலாம், ரயில் பாட்டுக்கு ஓடும்.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். 50க்கு 25, சுவர் 2 மி.மீ. உள்ள பாக்ஸ் பைப்பை 50 பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி 1.8 மீட்டருக்கு வைத்து, உங்கள் 8 கிலோவையும் நட்ட நடுவில் குவித்தால் சுமார் ஒன்றரை மி.மீ. தொய்யும். இரண்டு பைப் இருந்தால் முக்கால் மி.மீ. கண்ணுக்கே தெரியாது. அதே பைப்பைப் படுக்கப் போட்டால் தொய்வு மூன்று மடங்கு. திடமான உத்திரத்தில் உயரத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்கு ஏறும், அதனால் தடிமனைக் கூட்டி எடையை ஏற்றுவதைவிட உயரத்தைக் கூட்டுவது எப்போதும் லாபம். உண்மையான கர்டர் பாலங்களும் இதனால்தான் ஒல்லியாக உயரமாக நிற்கின்றன.

பிவிசியின் விறைப்பு அலுமினியத்தில் இருபதில் ஒரு பங்குதான் வரும். அதையும் மன்னிக்கலாம், ஆனால் பிளாஸ்டிக்குக்கு இன்னொரு குணம் உண்டு: எடை ஏறாமல் சும்மா இருந்தாலே தன் எடைக்கே மெல்ல மெல்லத் தொய்ந்து அப்படியே நின்றுவிடும், வெயில் அதை வேகப்படுத்தும். போட்ட அன்று ரசமட்டம் வைத்துப் பார்த்தால் அருமையாக இருக்கும். ஒரு கோடை போகட்டும், அப்புறம் பாருங்கள்.

சூட்டுக்கு நீளுவதையும் சொல்லிவிடுகிறேன். விடிகாலைக்கும் உச்சி வெயிலுக்கும் பொருளின் சூட்டில் 40 டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம், அதுவும் கறுப்பாகப் பூசியிருந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் 1.8 மீட்டரில் இரும்பு ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக நீளும், பித்தளைத் தண்டவாளம் 1.4, அலுமினியம் 1.7, பிவிசி 4 மி.மீ.க்கு மேல். அலுமினியமும் பித்தளையும் கிட்டத்தட்ட சேர்ந்தே நகர்வதைக் கவனியுங்கள், பாதைக்கு இழுபறி இல்லை. பிவிசி தளத்தில் தண்டவாளத்தை இறுக்கித் திருகினால் ஏதோ ஒன்று வளைந்தே ஆக வேண்டும்.

எந்தப் பொருளானாலும் பாலத்தின் ஒரு முனையை மட்டும் இறுக்குங்கள். மறு முனையில் துளையை நீளவாக்கில் அறுத்து, வாஷர் போட்டு, திருகை முக்கால் பங்கு மட்டும் முடுக்கி நகர விடுங்கள். தண்டவாளத்தின் சறுக்கு மூட்டும் அந்த முனையிலேயே வரட்டும்.

இழைப்புளி:

குளத்துக்கு நண்பர் உத்திரம் சொன்னது சரி. ஆனால் அதே கையோடு ட்ரெசிலுக்குள்ளும் அலுமினியத்தை ஒளித்து வைக்கச் சொல்வார், அதற்கு முன்னால் நான் வந்துவிடுகிறேன். மரப் பாலத்தை மரத்தில்தான் கட்ட வேண்டும். மரம் நீளவாக்கில் சூட்டுக்கு அசைவதே இல்லை என்று சொல்லலாம், அலுமினியத்தில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. கலிஃபோர்னியாவின் பாலைவன மலையில் 1933-ல் கட்டிய கோட் கேன்யன் ட்ரெசில் மரத்தால் ஆனது, உயரம் 180 அடிக்கு மேல். அந்த இடத்தின் சூடும் குளிரும் மாறி மாறி உலோகத்தைக் களைக்க வைக்கும் என்றுதான் மரத்தைத் தேர்ந்தார்கள்.

மரத்துக்கு எதிரி வெயிலும் இல்லை, மழையும் இல்லை. தேங்கும் ஈரம்தான். நனைந்து காய்ந்தால் மரம் பல வருஷம் தாங்கும், நனைந்தபடியே இருந்தால் தேக்குகூட மக்கும். எனவே எந்த மரம் என்பதைவிட, தண்ணீர் எங்கே நிற்கும் என்று பாருங்கள். மூன்று இடம்:

காலின் அடி. மண்ணில் புதைத்த கால் மண்மட்டத்தில்தான் முதலில் போகும், ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இடம் அது. கரையானுக்கும் அதுவே வாசல். காலை மண்ணில் நடவே நடாதீர்கள். தட்டையான கல்லோ கான்கிரீட் கட்டையோ வைத்து, அதில் ஒரு எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கம்பியை நிறுத்தி, சட்டத்தின் (கால்களும் குறுக்குக் கட்டைகளும் சேர்ந்த ஒரு வரிசை) அடிக்கட்டையை அந்தக் கம்பியில் குத்தி உட்கார வையுங்கள். அடியில் ஒரு வாஷர் கொடுத்தால் மரம் கல்லைத் தொடாது, ஈரம் ஏறாது.

காலின் தலை. மரத்தின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சுகிற வேகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு அதிகம். அத்தனை வெட்டுமுகத்தையும் பொருத்துவதற்கு முன்பே பாதுகாப்பு எண்ணெயில் முக்கி எடுங்கள், தூரிகையால் பூசுவது போதாது.

மூட்டு. இரண்டு மரம் ஒட்டிக்கொள்ளும் இடுக்கில் ஈரம் போனால் வெளியே வராது. அதனால்தான் தடித்த பெயிண்டை நான் சிபாரிசு செய்வதில்லை. பெயிண்ட் வெடித்த இடத்தில் நுழைந்த தண்ணீர் உள்ளே மாட்டிக்கொள்ளும். எண்ணெய் பூசினால் வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும், ஆனால் மரம் மூச்சு விடும்.

மரம் வாங்கும்போது வைரம் பாய்ந்த பகுதியாகக் கேளுங்கள். அதே தேக்கில் ஓரத்து வெளிறிய பகுதி எந்தச் சாதா மரத்தையும் போலச் சீக்கிரம் உளுத்துவிடும், பெயரை நம்பி வாங்கக் கூடாது. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வெளியே ஒரு மழைக்குத் தாங்காது. ப்ளைவுட் கடல் தரமாக இருந்தாலும் ஓரம் திறந்திருந்தால் ஏடு ஏடாகப் பிரியும்.

அளவு: 1:22.5 விகிதத்துக்கு அசலில் ஓர் அடி சதுரக் கட்டை 13.5 மி.மீ. வரும். சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி 20 செ.மீ. வைத்தால் அசலுக்குப் பக்கத்தில் இருக்கும், உங்கள் பள்ளத்துக்குப் பதினைந்து சட்டங்களுக்குள் முடிந்துவிடும். ஒரு பலகையில் அதிகபட்ச உயரச் சட்டத்தை வரைந்து, கோட்டின் இருபுறமும் சின்னக் கட்டைகளை அறைந்து ஒரு ஜிக் செய்யுங்கள். எல்லாச் சட்டத்தையும் அதிலேயே மேலிருந்து தொடங்கி அடுக்க வேண்டும், குட்டைச் சட்டம் வேண்டுமானால் அடியில் அறுத்துக்கொள்ளலாம். கால்களின் சாய்வு எல்லாவற்றுக்கும் ஒன்றாக வரும்.

பசையை மட்டும் நம்ப வேண்டாம். மரம் ஈரத்தில் குறுக்காக ஊதும்போது பசை விடும். வெளிப்பயன்பாட்டுக்கான டி4 தரப் பசை அல்லது பாலியூரித்தேன் பசை, அதோடு ஒவ்வொரு மூட்டிலும் ஒரு எஸ்எஸ் ஆணி. சாதா இரும்பு ஆணி அடித்தால் துருவோடு போகாது, டானின் (துவர்ப்புச் சத்து) உள்ள மரத்தில் கறுப்புக் கறையாக வழியும்.

உப்புநீர்:

மீன் குளம் என்றதும் எட்டிப் பார்த்தேன், அதை யாரும் தொடவில்லை.

பாதுகாப்பு மருந்து ஏற்றிய மரத்தைக் குளத்துக்கு மேல் வைக்காதீர்கள். அந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றில் தாமிரம் இருக்கும், பழைய சரக்கென்றால் ஆர்சனிக்கும் இருக்கலாம். தாமிரம் மிகக் குறைந்த அளவிலேயே மீனுக்கு விஷம். துத்தநாகமும் ஆகாது, எனவே ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் பாலம் கட்டி அதன் மழைநீரைக் குளத்துக்குள் சொட்ட விடுவதும் நல்லதல்ல, சின்னக் குளம் என்றால் இன்னும் கவனம். கரையில் கான்கிரீட் தாங்கிக் கட்டை வார்த்தால், புதுக் கான்கிரீட்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். அதை வேறு இடத்தில் வார்த்து, சில வாரம் நனைத்து நனைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு கொண்டுவந்து வையுங்கள். நீராவி எஞ்சின் ஓட்டினால் அது துப்பும் எண்ணெயும் குளத்துக்குத்தான் போகும், தளத்தை இடைவெளி இல்லாமல் மூடி, ஓரத்தில் சின்ன விளிம்பு கொடுத்துவிடலாம்.

அடுத்தது உலோகச் சண்டை. அலுமினியமும் பித்தளையும் நேராகத் தொட்டுக்கொண்டு நனைந்தால் அரிபடுவது அலுமினியம். தொடக்கூட வேண்டாம், பித்தளையின் மேல் ஓடிய தண்ணீர் அலுமினியத்தில் சொட்டிக்கொண்டே இருந்தாலும் குழி விழும். பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உள்ள பாதை என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தாமிர மருந்து ஏற்றிய மரத்தை அலுமினியத்தில் திருகினாலும் இதே கதிதான்.

எஸ்எஸ் திருகை அலுமினியத்தில் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போடலாம். திருகு சின்னது, அலுமினியம் பெரியது, அரிப்பு பரவலாகி மெதுவாக நடக்கும். தலைகீழாக, பெரிய எஸ்எஸ் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் அடித்தால் ரிவெட் காணாமல் போகும். நைலான் வாஷரும், இழையில் ஒரு சொட்டு கிரீஸும் போட்டால் பிற்பாடு கழற்றும்போது திருகு இறுகிப் போய் உடையாது. கடற்காற்று படும் இடம் என்றால் 304 தர எஸ்எஸ்ஸுக்குப் பதில் 316 தரம் கேட்டு வாங்குங்கள், அதில் மாலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும்.

பாக்ஸ் பைப்பின் முனைகளை அழகுக்காக அடைத்துவிட்டு அடியில் துளை போடாமல் விடுகிறவர்கள் நிறைய. எப்படி அடைத்தாலும் உள்ளே தண்ணீர் சேரும். இரு முனையிலும் அடிப்பக்கம் 5 மி.மீ. துளை ஒன்று, முனையில் பூச்சிவலை. குளவி கூடு கட்டிய பாலத்தில் கை வைப்பது எப்படி இருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

கடைசிப்பெட்டி:

3டி பிரிண்டர் வைத்திருக்கிறீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. பிரிண்டர் பிளாஸ்டிக்குகளில் பிஎல்ஏ வேண்டாம். 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே குழைந்துவிடும், வெயிலில் கிடக்கும் கறுப்புப் பாகம் அந்தச் சூட்டைத் தொடுவது கஷ்டமே இல்லை. பிஇடிஜி 80 வரை தாங்கும். ஏபிஎஸ் சூட்டைத் தாங்கும், புற ஊதாக் கதிரில் நொறுங்கிப் போகும். ஏஎஸ்ஏ இரண்டையும் தாங்கும், வெளிவேலைக்கென்றே வந்த பொருள் அது. ரிவெட் வரிசை, மூலைத் தகடு, விளக்குக் கம்பம், கைப்பிடித் தூண் எல்லாம் தாராளமாகப் பிரிண்ட் செய்யுங்கள். எடை தாங்கும் எதையும் வேண்டாம், அடுக்குக்கு அடுக்கு பிரியும். துண்டுகளை 20 செ.மீ.க்குள் வைத்து, இடையில் ஒரு மி.மீ. விட்டு, அலுமினியத்தில் நீளத் துளையோடு திருகிவிட்டால் சூட்டில் நெளியாது.

பெயிண்டுக்கு இரண்டு எச்சரிக்கை. அலுமினியத்தில் நேராகப் பூசிய எதுவும் தோலாக உரிந்து வரும், உப்புத்தாளால் கீறிவிட்டு எட்ச் ப்ரைமர் (உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு) அடித்த பிறகுதான் பெயிண்ட். ஜிஐ-யில் சாதா எனாமல் பூசவே கூடாது, துத்தநாகமும் எனாமலின் எண்ணெயும் சேர்ந்து சோப்பு போல ஆகி அடியிலிருந்தே கிளம்பும். ஜிஐ-யை யாராவது வெல்டிங் செய்து தருகிறேன் என்றாலும் பூச்சை உரசி எடுக்காமல் செய்ய விடாதீர்கள், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

உத்திரம்:

இழைப்புளி அண்ணாவுக்கு ஒரு பதில். ட்ரெசிலில் அலுமினியத்தை ஒளிக்கச் சொல்ல மாட்டேன், கால்கள் மரமாகவே இருக்கட்டும். ஆனால் மேலே தண்டவாளத்தின் அடியில் நீளமாகப் போகும் உத்திரக் கட்டையில் எனக்குச் சம்மதம் இல்லை. 3 மீட்டருக்கு நேரான, முடிச்சு இல்லாத மரம் கிடைத்தாலும் இரண்டு மழைக்கு அப்புறம் முறுக்கிக்கொள்ளும். ஒரு கால் கொஞ்சம் இறங்கினால் பாதையும் கூடவே இறங்கும். மேலே ஓர் அலுமினிய ஆங்கிள் ஓடினால் பாதை மட்டமாக நிற்கும், கீழே எந்தக் கால் மக்கினாலும் அதை மட்டும் உருவி மாற்றலாம்.

இழைப்புளி:

ஒரே கட்டையாகப் போட்டால் முறுக்கும்தான், யார் ஒரே கட்டையாகப் போடச் சொன்னது? 10 மி.மீ. ரீப்பர் மூன்றைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, மூட்டுகள் ஒரே இடத்தில் வராதபடி தள்ளித் தள்ளி வைத்து, இடையில் வாஷர் கொடுத்து போல்ட் போட்டால் ஒன்றின் முறுக்கை மற்றது பிடித்துக்கொள்ளும். அசல் ட்ரெசில்களிலும் உத்திரங்கள் இப்படித்தான், நடுவில் காற்று போக இடைவெளி விட்டிருப்பார்கள். வளைவில் வரும் ட்ரெசில் என்றால் மெல்லிய ரீப்பர்களை வளைத்தே போல்ட் போடலாம், ஆங்கிளை வளைக்க உங்களிடம் என்ன இருக்கிறது?

கால் மாற்றும் வசதிக்கு உங்களோடு சண்டை இல்லை. சட்டத்தை உத்திரத்தோடு ஒட்டாமல் திருகினால் போதும்.

புதுத்தடம்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. குளத்துக்கு இரண்டு பாக்ஸ் பைப், வெளியே ஏஎஸ்ஏ-யில் கர்டர் முகப்பு, கரையில் இரு பக்கமும் ஊறவைத்த கான்கிரீட் கட்டை. ட்ரெசில் முழுக்க மரம், உத்திரம் ரீப்பர் முறையில், ஏனென்றால் அது லேசான வளைவில்தான் வருகிறது (முதலிலேயே சொல்லியிருக்கலாம், மன்னிக்கவும்).

இன்னும் இரண்டு சந்தேகம். குளத்துக்கு மேல் பெட்டி தடம் புரண்டால் நேராகத் தண்ணீரில்தானே விழும், அதற்கு என்ன செய்கிறீர்கள்? அப்புறம், ரயிலை ஏற்றுவதற்கு முன் பாலம் தாங்குமா என்று எப்படிச் சோதிப்பது?

கடைசிப்பெட்டி:

தடம் புரள்வதற்கு அசல் பாலங்களில் இருப்பதுதான் வழி: ஓடும் தண்டவாளங்களுக்கு உள்பக்கம் இரண்டு காவல் தண்டவாளம். சக்கரம் இறங்கினாலும் அந்த இடைவெளிக்குள் மாட்டிக்கொண்டு நேராகவே போகும், பக்கவாட்டில் ஓடாது. பாலத்தின் மேல் மட்டும் போடாமல், இரு கரையிலும் அரை மீட்டர் முன்கூட்டியே தொடங்கி, முனைகளை நடுவை நோக்கிக் குவித்துவிடுங்கள். தண்டவாளத்தில் மின்சாரம் ஓடுகிறது என்றால் இரண்டு காவல் தண்டவாளமும் ஒன்றையொன்று தொடக்கூடாது, அலுமினியத்தையும் தொடக்கூடாது. இல்லாவிட்டால் சக்கரம் இறங்கிய நொடியே ஷார்ட். நான் என்றால் அதைப் பிளாஸ்டிக் பட்டையிலேயே போட்டுவிடுவேன்.

உத்திரம்:

சோதனைக்கு ஒரு நூல் போதும். பாலத்தைத் தரையிலேயே இரண்டு கட்டை மேல், 1.8 மீட்டர் இடைவெளியில் வையுங்கள், குளத்துக்கு மேல் வேண்டாம். முனையிலிருந்து முனைக்கு நூலை இறுக்கிக் கட்டி, நடுவில் நூலுக்கும் பைப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ரயிலின் எடையைப் போல இரண்டு மடங்கு, அதாவது 16 கிலோ, செங்கல்லாக நடுவில் அடுக்கி ஒரு நாள் முழுக்க வெயிலில் விடுங்கள். ஏற்றியிருக்கும்போது இரண்டு மி.மீ. வரை தொய்ந்தால் பரவாயில்லை. செங்கல்லை இறக்கிய பிறகு பழைய அளவுக்குத் திரும்பி வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும், வரவில்லை என்றால் எங்கோ ஒரு திருகு துளைக்குள் நகர்ந்திருக்கிறது.

பாலத்துக்கு உண்மையான சுமை உங்கள் எஞ்சினும் இல்லை. மீனைப் பார்க்க அதன் மேல் கையை ஊன்றிக் குனியும் விருந்தாளிதான். முடிந்தால் நடுவில் கையை வைத்து நீங்களே ஒருமுறை நன்றாக அழுத்திப் பாருங்கள்.

இழைப்புளி:

பூனையும். மீன் குளத்துக்கு மேல் பாலம் என்றால் அது பூனைக்குக் கட்டிய மேடை. கைப்பிடியை ஏஎஸ்ஏ-யில் பிரிண்ட் செய்யாமல் 2 மி.மீ. பித்தளைக் கம்பியில் பற்றவைத்துச் செய்யுங்கள், வளைந்தாலும் நிமிர்த்திவிடலாம். கம்பியின் அடியை அலுமினியத்தில் செருகாமல் தளத்துப் பலகையில் செருகுங்கள், உப்புநீர் சொன்ன சண்டை அங்கேயும் வரும்.